பிளான்ல உள்ளபடி ஒரு வீடு

சீனித்தாய் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். விரல் பத்தும் எரிந்தது. அந்தக் கையால் கண்ணைத் தொட முடியாது, தொட்டிலில் கிடக்கிற எட்டு மாசப் பிள்ளையையும் தொட முடியாது. அதனால் கைக்கு வத்தல், கால் கட்டைவிரலுக்குத் தொட்டில் கயிறுன்னு வேலையைப் பங்கு பிரித்துக் கொடுத்திருந்தாள். வாடகை வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றது அந்த நேரத்தில்தான். ஐப்பசி ஒண்ணாந்தேதி தன் மகள் இந்த வீட்டுக்குக் குடிவரப் போகிறாள், அதுக்குள் காலி பண்ணிவிட வேண்டும், ஒருநாள் பிந்தினாலும் சாமானெல்லாம் தெருவுக்கு வந்துவிடும்ன்னு சொல்லிவிட்டுப் போனார்.

சீனித்தாய்க்கு எதிர்த்துப் பேச வராது. சரின்னு தலையை ஆட்டினாள். சாயங்காலம் புருஷன் பூவலிங்கம் வந்ததும் அவனிடம் மட்டும் சொன்னாள். ஊருக்குக் கிழக்கே மூணு சென்ட் மனை சும்மா கிடக்குது, புரட்டாசி முடியுறதுக்குள்ள அதுல ஒரு வீட்டைக் கட்டி நம்ம அடுப்புல பால் காய்ச்சிரணும், பிள்ளையைத் தெருவுல போட முடியாதுன்னு. அப்போது மாசி மாசம். நாள் நிறையக் கிடந்தது.

பூவலிங்கத்துக்கு இருளப்பன்னு ஓர் அண்ணன், குருவையான்னு ஒரு தம்பி. மூணு பேரும் செவக்காடுபட்டி வத்தல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள். தேக்குமரம் மாதிரி உடம்பு. மண்டியில் அவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். கணக்குப்பிள்ளை ஒரு சீட்டுக் கொடுப்பார். சீட்டில் உள்ளதை லாரியில் ஏத்தணும், இல்லாததை ஏத்தக்கூடாது. ஒருதடவை சீட்டில் டிரைவர் பேரும் எழுதியிருந்தது. அந்த டிரைவரையும் தூக்கி மூட்டைகளுக்கு நடுவில் வைத்து, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டார்கள். சாயங்காலம் வரைக்கும் லாரி ஏன் கிளம்பவில்லைன்னு அவர்களுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இருளப்பனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பொண்ணு பார்த்துவிட்டு வான்னு ஏழு ஊருக்கு அனுப்பினார்கள். ஏழு ஊரிலும் பொண்ணைப் பார்த்தார், வந்துவிட்டார்.

வீடு கட்டுறதுன்னா பேரூராட்சி ஆபீஸில் அப்ரூவல் வாங்கணும்ன்னு யாரோ சொன்னார்கள். மூணு பேரும் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு போனார்கள். அங்கே கட்டடம் பார்க்கிற ஆபீசர் தனக்கோடி சார். நல்ல மனுஷன். நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அப்ரூவல் வாங்காமல் மனையில் ஒரு செங்கல்கூட வைக்கக்கூடாது, வைத்தால் இடித்துவிடுவோம்ன்னு.

திரும்பி வந்தால் மனை முன்னால் செங்கல் லாரி நிற்கிறது. மூவாயிரம் கல். மனையில் வைக்கக்கூடாது. என்ன செய்ய? முதலில் ஆளுக்குப் பத்துக் கல்லைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் மீதி ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது கல் லாரியிலேயே இருக்குதுன்னு குருவையா கண்டுபிடித்தான். அதன்பிறகுதான் எல்லாத்தையும் வாடகை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

வாடகை வீடு ஒரே ஒரு ரூம். சுவருக்குச் சுவர் கல்லை அடுக்கி, நெஞ்சு உயரத்துக்கு வந்ததும் அதுமேல் பாயை விரித்தார்கள். சீனித்தாய் ஏணி வைத்து ஏறி, தவழ்ந்துபோய் அடுப்பு மூட்டினாள். தொட்டிலை ஆட்ட முடியவில்லை, பிள்ளை கல்லில் முட்டியது. வாடகை வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, காலி பண்ணச் சொன்னால் ரொப்பி வைத்திருக்கிறீர்களேன்னு தலையில் அடித்துக்கொண்டார். அவருக்கு விவரம் பத்தாதுன்னு மூணு பேரும் வருத்தப்பட்டார்கள்.

பிளான் போட ஜெபராஜ்ன்னு ஓர் இன்ஜினியர் கிடைத்தார். படிப்பு முடித்துப் புதுசாகப் போர்டு மாட்டியிருந்த பையன், படம் எடுப்பாக இருக்கணும்ன்னு ஆசைப்பட்டவர். ரெண்டு தாளில் வரைந்தார். ஒண்ணு, வீட்டை மேலிருந்து பார்க்கிற படம். இன்னொண்ணு, முன்னாடி நின்று பார்க்கிற படம். ஒன்றரை மாசம் கழித்து ரெண்டு தாளிலும் ஊதா மையில் வட்ட முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுத் தனக்கோடி சார் கொடுத்தார். கொடுக்கும்போது சொன்ன சொல்லை மூணு பேரும் வழியெல்லாம் மாத்தி மாத்திச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள், மறந்துவிடக்கூடாதேன்னு.

"பிளான்ல இருக்கிறது எல்லாம் வீட்டுல இருக்கணும். பிளான்ல இல்லாதது எதுவும் இருக்கக்கூடாது. முன்னாடி அஞ்சடி, மத்த மூணு பக்கமும் மூணடி காலியா விடணும். கட்டி முடிச்சதும் நானே வந்து பார்ப்பேன். சரியா இருந்தாத்தான் நிறைவுச் சான்று. அது இருந்தாத்தான் கரண்டு, குடியிருப்பு எல்லாம்."

இது மண்டிச் சட்டமேதான். இருளப்பனுக்கு ஆபீசர்மேல் ரொம்ப மரியாதை வந்துவிட்டது. "இம்புட்டுப் பெரிய சீட்டை நம்மள நம்பிக் குடுத்திருக்காரேடா," என்றார்.

மறுநாள் மனையில் கயிறு கட்டி அளந்தார்கள். காலி இடத்தைச் சுத்திச் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். அங்கேதான் முதல் சிக்கல்.

"காலின்னா என்ன?" என்றார் இருளப்பன்.

"ஒண்ணும் இல்லாட்டிக் காலி," என்றான் குருவையா.

"அப்ப இந்த அஞ்சடியில நான் நின்னா?"

"நீங்க நிக்கிறீகளேண்ணே. பெறகு எப்படிக் காலி?"

"நிக்கல. நடந்து வீட்டுக்குள்ள போறேன்."

"நடக்கிற வரைக்கும் அதுல இருப்பீகள்ல."

பூவலிங்கம் வெகுநேரம் யோசித்துவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் நடந்துகொள்ளலாமான்னு கேட்டான். சட்டத்தை ஏமாத்துற குடும்பத்தில் நாம் பிறக்கலைன்னு அண்ணன் அவனை அதட்டினார். அப்படியென்றால் வீட்டுக்குள் போகிறதே முடியாது. மூணு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

சீனித்தாய்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "தாண்டிப் போனா என்னங்க? தாண்டும்போது தரையில ஆளு இல்லைல்ல."

இவ்வளவு புத்தி ஒரு வீட்டுக்குள் இருக்கிறது பிள்ளைக்கு ஆகுமா, திருஷ்டி சுத்திப்போடணும்ன்னு இருளப்பன் சொன்னார்.

அன்றிலிருந்து எல்லாரும் தாண்டினார்கள். இருளப்பனுக்கு முழங்கால் வலி, அதனால் எதிர்வீட்டு வாசலிலிருந்து ஓடிவந்து தாண்டினார். எதிர்வீட்டில் முதலில் கோபப்பட்டார்கள், பிறகு நேரம் பார்த்துக் கதவைத் திறந்துவைத்தார்கள். சிமெண்டு மூட்டையைத் தெருவிலிருந்து வீசி உள்ளே பிடித்தார்கள். கோழி கோட்டுக்குள் போய்விட்டால்தான் கஷ்டம். விரட்டுவதற்கு உள்ளே கால் வைக்க முடியாது, கோட்டுக்கு வெளியே நின்று குருவையா கெஞ்சி வரவழைக்கணும். பக்கத்து வேப்பமரத்து இலை விழுந்தால் தொறட்டியால் ஒவ்வொண்ணாக இழுத்து எடுத்தான்.

கொத்தனார் மூக்கையா நல்ல வேலைக்காரர். சுவரை விரற்கடை பிசகாமல் எழுப்பினார். ஆனால் வெளிப்பூச்சு பூசுகிற நாளில் அவரையும் காலி இடத்தில் நிற்கவிடவில்லை. இடுப்பில் மண்டிக் கயிறு கட்டி, சுவர் மேலிருந்து வெளியே தொங்கவிட்டார்கள். தொங்கிக்கொண்டே பூசினார். கீழே ஒரு சொட்டு கலவை விழுந்தால் குருவையா மேலே பார்த்து வருத்தமாகத் தலையை ஆட்டுவான். எனக்குக் கொத்துவேலைதான் தெரியும், சர்க்கஸ் தெரியாதுன்னு மூக்கையா நாலு நாள் புலம்பினார்.

ஆவணி மாசம் கூரைக்குத் தகரம் வந்தது. பதினாறு தகரம். நாளைக்கு மாட்டிவிடலாம்ன்னு மூக்கையா சொன்னதும், இருளப்பன் முதல் தாளை விரித்து அவர் முன்னால் வைத்தார்.

"இதுல கூரை எங்க இருக்கு, காட்டுங்க."

"அது மேல இருந்து பார்க்கிற படம்ப்பா."

"அதத்தான் கேக்குறேன். மேல இருந்து பார்த்தா கட்டில் தெரியுது, அடுப்பு தெரியுது, கக்கூசுகூடத் தெரியுது. கூரை இருந்தா இதெல்லாம் எப்படித் தெரியும்?"

மூக்கையா ரெண்டாம் தாளை எடுத்துக் காட்டினார். முன்னாடி நின்று பார்க்கிற படத்தில் தகரக் கூரை பளிச்சென்று இருந்தது. ஒரு தாளில் கூரை இல்லை, ஒரு தாளில் கூரை இருக்கிறது. ரெண்டிலும் முத்திரை. மூணு அண்ணன் தம்பிகளும் ரெண்டு தாளையும் நடுவில் வைத்து, ஆபீசர் மனசில் என்ன இருந்திருக்கும்ன்னு சாயங்காலம் வரை பேசினார்கள். இதற்கு ஒரு முடிவு தெரிந்தால் சொல்லியனுப்புங்கன்னு மூக்கையா கரண்டியையும் ரசமட்டத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அப்புறம் அவர் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

சீனித்தாய் வானத்தைப் பார்த்தாள். மழைக்காலம் வருகிறது. கூரை இருந்தால் சான்று போச்சு, கூரை இல்லாவிட்டால் பிள்ளை நனையும். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே யோசித்தாள், பால் குடித்துப் பிள்ளை தூங்கியும் யோசித்தாள். காலையில் புருஷனிடம் சொன்னாள். ஆபீசர் முதல் தாளைப் பார்க்கும்போது கூரை இருக்கக்கூடாது, ரெண்டாம் தாளைப் பார்க்கும்போது இருக்கணும், அவ்வளவுதானே? தகரத்தை ஆணி அடிக்காமல் சும்மா மேலே வைத்துக் கல்லைப் பாரம் வையுங்க, வேணும்ங்கிறப்ப எடுத்துக்கலாம், வேணும்ங்கிறப்ப போட்டுக்கலாம்ன்னு. மூட்டை தூக்குகிறவர்களுக்கு இது ஒரு வேலையா?

அதுக்கப்புறம் பிளானைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். பிளானில் கதவு பாதி திறந்திருந்தது, அது திறந்த வழியைக் காட்ட ஒரு வளைகோடும் இருந்தது. அதனால் கதவைப் பாதி திறந்தபடியே சிமெண்டு வைத்து அசையாமல் நிறுத்தி, தரையில் அந்த வளைகோட்டையும் கறுப்புப் பெயிண்டில் போட்டார்கள். ரூமுக்கு ரூம் நீளமும் அகலமும் எழுதியிருந்ததைத் தரையில் எழுதினார்கள். வடக்கு எதுன்னு காட்டுகிற அம்புக்குறி மனைக்கு வெளியே இருந்தது. அதைத் தெருவில் சுண்ணாம்பால் பெரிசாகப் போட்டதில், புதுசாக வந்த மினிபஸ் டிரைவர் ஒருத்தர் அம்பைப் பார்த்து ஊருணிக்குள் இறங்கிவிட்டார்.

முதல் தாளில் ஆபீசரின் வட்ட முத்திரை அடுப்படி மூலையில் குத்தியிருந்தது. அதைச் சீனித்தாயே செய்தாள். ஊதா பெயிண்டில், ஆறடி அகலத்துக்கு, அடுப்படித் தரையில் வட்டம் போட்டு, நடுவில் தனக்கோடி சார் கையெழுத்தையும் அப்படியே இழுத்தாள். மூணாங்கிளாஸோடு நின்ற கை, ஆனாலும் ஒரு சுழி தப்பவில்லை.

புரட்டாசி கடைசி நாள் வந்து பார்ப்பதாக ஆபீசர் சொல்லியனுப்பினார். முந்தின நாள் மூணு பேரும் பிளானை வைத்துக்கொண்டு, மண்டியில் மூட்டையைச் சரிபார்க்கிற மாதிரி ஒவ்வொண்ணாகத் தொட்டுப் பார்த்தார்கள். எல்லாம் இருந்தது. ரெண்டாம் தாளின் ஓரத்தில் குருவையா விரலை வைத்து, "இவரு யாரு?" என்றான்.

அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள். வாசலுக்கு இடதுபக்கம் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். வீட்டு உயரம் தெரியட்டும், படமும் எடுப்பாக இருக்கட்டும்ன்னு ஜெபராஜ் போட்ட ஆள்.

"நம்ம வகையறா இல்ல," என்றார் இருளப்பன். "பேண்ட்டுல்ல போட்டிருக்காரு."

"கையில பை வேற."

"மூஞ்சி வரையலையே. மூஞ்சி இருந்தாலாவது விசாரிச்சுக் கூட்டியாரலாம்."

"அதவிடுங்க," என்றான் பூவலிங்கம். "அவரு அஞ்சடிக்குள்ளல்ல நிக்கிறாரு? அது காலியா இருக்கணும்ல?"

நாலு மாசமாகக் கோழியைக்கூட விடாத இடம். சீனித்தாய் தாளைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"விதியை மீறி நிக்கிறாரு, அதுக்கு முத்திரையும் குடுத்திருக்காங்க," என்றாள் மெதுவாக. "நம்மள மாதிரி ஆளுன்னா குடுப்பாங்களா? இவரு கவர்ன்மெண்டு ஆளுதான்."

அதற்கு மேல் பேச்சில்லை. ஒரு கவர்ன்மெண்டு ஆளைத் தேடிப் புறப்பட்டார்கள். போஸ்ட்மேனைக் கேட்டார்கள். எவ்வளவு நேரம் நிற்கணும்ன்னு கேட்டார். வீடு இருக்கிற வரைக்கும்ன்னு சொன்னார்கள். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். கரண்டு ரீடிங் எடுக்கிறவர் பாதி கேட்டதுமே போய்விட்டார். வெறுங்கையோடு வந்தால், வாடகை வீட்டு வாசலில் வீட்டுக்காரரின் மகள் பீரோ இறங்கியிருந்தது. சீனித்தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தனக்கோடி சார் வந்தார். வண்டியை நிறுத்தினார், பையை எடுத்தார், அஞ்சடியில் காலை வைத்து நடந்தே உள்ளே போனார். மூணு பேரும் அந்தக் காட்சியைப் பார்க்கமுடியாமல் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

அவர் முதல் தாளை விரித்ததும் மேலே தகரம் நகர ஆரம்பித்தது. நாலு தகரம்தான் எடுத்திருப்பார்கள், அவர் ரெண்டாம் தாளைப் புரட்டினார். எடுத்ததை மறுபடியும் வைத்தார்கள். அவர் ஏதோ சந்தேகத்தில் முதல் தாளுக்குத் திரும்பினார். மேலேயிருந்து இருளப்பன் மூச்சு வாங்கிக்கொண்டே, "சார், கொஞ்சம் மெதுவாப் புரட்டுங்க," என்றார். தனக்கோடி சார் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். பிறகு தாளை மடித்துவிட்டார்.

டேப்பை வைத்து அளந்தார். சுவர் இம்மி பிசகவில்லை. தரையில் எழுதியிருந்ததும் டேப் சொன்னதும் ஒண்ணாக இருந்தது. அடுப்படிக்குப் போனார். தன் கையெழுத்தின் மேலேயே நின்றுகொண்டு, அது என்னன்னு கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. வெளியே வந்தார். காலி இடத்தைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் எங்கே போனாலும் அந்த இடத்தில் மாடிப்படி இருக்கும், கடை இருக்கும், கொட்டகை இருக்கும். முழுசாகக் காலியாக விட்ட ஒரே வீடு இதுதான்னு சொன்னார்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. சீல் ஆபீஸ்ல இருக்கு. போய்ச் சான்று போட்டுத் தந்துடறேன்," என்றார்.

சொல்லும்போது அவர் வாசலுக்கு இடதுபக்கம் நின்றார். பேண்ட்டு போட்டிருந்தார். கையில் பை. நிலைப்படியில் நின்ற சீனித்தாய் தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள்.

"சார், நகராதீக," என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே தெருவில் கால் வைத்தார். கூரையிலிருந்து இறங்கித் தெருவில் நின்ற இருளப்பன் அவரை அக்குளில் கைகொடுத்து, முட்டைக் கூடையைத் தூக்குகிற பதத்தில் நோகாமல் தூக்கி, இருந்த இடத்திலேயே வைத்தார். ரெண்டாவது தடவையும் வைத்தார். மூணாவது தடவை அவர் நடக்கவில்லை. பூவலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு விவரம் சொன்னான். அது சும்மா அழகுக்குப் போட்ட ஆள்ப்பான்னு தனக்கோடி சார் கெஞ்சினார்.

"அப்ப கூரையும் சும்மாவா சார்? கக்கூசும் சும்மாவா?" என்று சீனித்தாய் கேட்டாள். "எது சும்மா, எது நெசம்ன்னு அதுல எழுதலையே. நீங்க போயிட்டா பிளான்ல இருக்கிற ஒண்ணு வீட்டுல இல்லாமப் போயிரும். அப்புறம் எப்படிச் சான்று தருவீக?"

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். அந்த ஆள் தலைமேலேயே அவருடைய முத்திரை விழுந்திருந்தது.

சீல் இல்லாமல் சான்று இல்லை, ஆபீசுக்குப் போனால் வீடு பிளான்படி இல்லை. இதற்கும் மண்டியில் வழி உண்டு. இருளப்பனும் பூவலிங்கமும் பேரூராட்சி ஆபீசுக்குப் போய், சீல் இருக்கிற டிராயரின் சாவியைக் கேட்கத் தோணாமல், ஆபீசரின் மேசையையே தலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேசையை அஞ்சடிக்குள் வைக்கக்கூடாதே. தெருவில் ஒருத்தரும் நிலைப்படியில் ஒருத்தருமாகப் பிடித்து, தனக்கோடி சார் முன்னால் அந்தரத்தில் நிறுத்தினார்கள். அவர் டிராயரைத் திறந்து, பிளானில் உள்ளபடியே கட்டப்பட்டிருக்கிறதுன்னு எழுதி, சீல் குத்திக் கையெழுத்துப் போட்டார்.

இனிமேல் போகலாமான்னு கேட்டார். சான்று கொடுத்தது நீங்க நிக்கிற வீட்டுக்குத்தானே, நீங்க போயிட்டா கவர்ன்மெண்டு பொய் சொன்ன மாதிரி ஆகிருமேன்னு பூவலிங்கம் அவருக்காகவே கவலைப்பட்டான். தனக்கோடி சார் யோசித்துப் பார்த்தார். அவருக்கே அது கொஞ்சம் நியாயமாகத்தான் பட்டது. பையை மட்டும் கை மாத்திக்கொண்டார். இடது கையில சார்ன்னு குருவையா திருத்தினான். மறுபடி மாத்திக்கொண்டார்.

பொழுது சாய்வதற்குள் வாடகை வீட்டுச் சாமான் எல்லாம் வந்து சேர்ந்தது. சீனித்தாய் புது அடுப்பில், ஊதா வட்டத்துக்கு நடுவில், பாலை வைத்தாள். பிள்ளை கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி நடந்தது. மனசு நிறைந்துவிட்டது அவளுக்கு. பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் குருவையாவை உட்காரவைத்துவிட்டு, பிளானை எதற்கும் கடைசியாக ஒருதரம் விரித்துப் பார்த்தாள். படத்தில் அந்த ஆள் நிற்கிற விதத்தைப் பார்த்ததும் சுருக்கென்றது. நிலைப்படிக்கு வந்து, முந்தானையை விரலில் சுத்திக்கொண்டு, தனக்கோடி சார் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு அவர் காலைப் பார்த்துச் சொன்னாள்.

"சார், அந்த வலது காலை மட்டும் கொஞ்சம்..."

"மதினி, பால் பொங்குது, ஓடியாங்க," என்று உள்ளேயிருந்து குருவையா கூப்பிட்டான்.

சீனித்தாய் சொன்ன சொல்லைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள். தனக்கோடி சார் வலது காலைத் தூக்கிக்கொண்டு நின்றார், அதை முன்னால் வைக்கணுமா பின்னால் வைக்கணுமான்னு தெரியாமல்.